வேக அட்டை

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை இரண்டு எரிச்சல்களுக்குப் பிறந்தது.

முதல் எரிச்சல் என் வேலையிடத்தில். கணினிக்கு நிரல் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான். போன மாதம் ஒரு நிரல் எனக்கு நன்றாகத் தண்ணி காட்டியது. சாதாரணமாக ஓட்டினால் ஒழுங்காக ஓடும். 'வேகப்படுத்து' என்று ஓர் உத்தரவு சேர்த்து ஓட்டினால் தப்பான விடை தரும். சரி, எங்கே தப்புகிறது என்று பார்ப்போமே என்று, நடுவில் 'இந்த எண்ணை எனக்கு அச்சிட்டுக் காட்டு' என ஒரு வரியைச் செருகினேன். பிழை காணோம்! வரியை எடுத்தேன். திரும்ப வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

இரண்டாவது எரிச்சலின் பெயர் ஜெயபாலன். சுதந்திர தின மலர் ஒன்றுக்கு ஆசிரியர். சாப்பிடாமல் இருந்த அந்த நேரம் பார்த்துத்தான் கூப்பிட்டார்.

"சார், மெர்டேகா காலத்துக் கதை ஒண்ணு வேணும். கொஞ்சம் கொடி, கொஞ்சம் ஊர்வலம், கடைசில ஒரு கண்ணீர். நீங்க மலாக்காக்காரர்தானே, காஜா பெராங்லயே வச்சிருங்க."

"கொடி, ஊர்வலமெல்லாம் எனக்கு வராதுய்யா. கம்பைலர் பிழையப் பத்தி வேணா எழுதித் தர்றேன்."

"என்னத்தையாச்சும் எழுதுங்க. ஆனா மெர்டேகா இருக்கணும். நீளமா இழுத்துராதீங்க."

ஆக, கம்பைலரையும் மெர்டேகா என்கிற மலாயாச் சுதந்திரத்தையும் ஒரே கயிற்றில் கட்டியாக வேண்டும். கம்பைலர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: நாம் நமக்குப் புரிகிற மாதிரி எழுதும் நிரலை, இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது அது. அதுவும் ஒரு நிரல்தான். 'வேகப்படுத்து' என்று சொல்லிவிட்டால், நாம் எழுதியதை அப்படியே மாற்றாமல், வீண் வேலை என்று அதற்குத் தோன்றுவதை எல்லாம் ஒதுக்கி, முன்னும் பின்னும் நகர்த்திச் சுருக்கிக் கொடுக்கும். தெரிய வேண்டியது இவ்வளவுதான். மிச்சத்தைக் கதையில் பார்த்துக்கொள்வோம்.

2

தொடக்கம் ஒன்று:

1957, ஆகஸ்டு முப்பத்தொன்று. பண்டார் ஹிலிரில் கூடிய கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த பாக்கியலட்சுமி, தன் கணினியின் முன்னால் போய்—

நிறுத்து. 1957இல் மலாக்காவில் ஏது கணினி? ஐஸ் அரைக்கிற இயந்திரம் இருந்திருக்கும். அதை வைத்துப் பிழை தேட முடியாது.

தொடக்கம் இரண்டு:

பாக்கியலட்சுமி அழகானவள். அவள் நடந்தால் காஜா பெராங் தெருவே—

சீ. இதை நீங்கள் படித்ததாகவே வைத்துக்கொள்ள வேண்டாம்.

தொடக்கம் மூன்று:

1969, தீபாவளி வாரம். கோலாலம்பூரில் ஓர் அலுவலகம்.

இது நிற்கும் போலிருக்கிறது. ஜெயபாலன் மன்னிக்க வேண்டும், நான் கதையைப் பன்னிரண்டு வருடம் பின்னால் தள்ளிவிட்டேன். அந்த மாதிரி இயந்திரமும் அந்த மாதிரி கம்பைலரும் நம் பக்கம் வந்து சேர அவ்வளவு காலம் ஆகும் என்பது என் ஊகம். ஆனால் அதற்குள் மெர்டேகா முடிந்து போய்விட்டதா என்ன? கொடி ஏறியதும் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். யார் இந்த நாட்டுக் குடிமகன், யார் இல்லை என்கிற கேள்வி மட்டும் வீட்டுக்குப் போகவில்லை, அரசாங்க அலுவலக முகப்பு முகப்பாக நின்றுகொண்டே இருந்தது. குடிமக்களுக்கு நீல அடையாளக் கார்டு, 'ஐசி'. மற்றவர்களுக்குச் சிவப்பு. சிவப்புக் கார்டுக்காரர்கள் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சட்டம் வந்த நேரம் அது. வேலை போனால் சீட்டு இல்லை, சீட்டு இல்லையென்றால் இந்தியாவுக்குக் கப்பல்தான்.

இது போதும் எனக்கு. மெர்டேகா வந்தாயிற்று.

3

பாக்கியலட்சுமியை வீட்டில் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார்கள். காஜா பெராங்கில் பிறந்து, சிங்கப்பூரில் கணக்குப் படித்து, கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். (எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். நானே கட்டிய அலுவலகம், பெயர் வைக்கவில்லை.) அங்கே ஒரு பெரிய அறை முழுக்க ஒரே ஓர் இயந்திரம். அதற்கு வேர்க்கக் கூடாது என்று அறையைக் குளிரவைத்திருப்பார்கள். மனிதர்கள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே போவார்கள்.

அந்தக் காலத்தில் நிரலை அட்டைகளில் துளை போட்டு எழுதினார்கள். ஒரு வரிக்கு ஓர் அட்டை. அட்டைக் கட்டின் முன்னால் இயந்திரத்துக்கு உத்தரவு சொல்லும் சில அட்டைகள் இருக்கும். அவற்றில் ஒன்றில், எவ்வளவு சுருக்கி வேகப்படுத்த வேண்டும் என்று ஓர் எண். சுழி, அதாவது பூஜ்யம், போட்டால் எழுதினபடியே மாற்றித் தரும். இரண்டு போட்டால் முழு வேகம். அதை அவள் வேக அட்டை என்று சொல்லுவாள்.

அவளுக்குக் கொடுத்த வேலை, கடல் ஏறி இறங்கும் நேரத்தைக் கணக்கிட்டு ஒரு வருடத்துக்கு அட்டவணை அச்சிடுவது. மலாக்காவில் கிளேபாங்குக்கு அப்பால் கடலோரத்தில் ஒரு மதகு. கடல் இறங்கும்போது திறந்து வாய்க்கால் தண்ணீரை வெளியே விட வேண்டும், ஏறும்போது மூடி உப்புத் தண்ணீரைத் தடுக்க வேண்டும். எந்த நேரம் திறப்பது, எந்த நேரம் மூடுவது என்று கணினி சொல்லும் தாளைப் பரீட்சார்த்தமாக அந்த ஒரு மதகில் வைத்துப் பார்ப்போம் என்று மேலிடம் முடிவு செய்தது.

அந்த மதகைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மருதமுத்து. பாப்பாவின் அம்மா ருக்மணிக்குக் கூடப்பிறந்த தம்பி, பாப்பாவுக்கு மாமா. [இது கொஞ்சம் வசதியான தற்செயல் என்று எனக்கும் தெரிகிறது. மலாக்கா சின்ன ஊர். விடுங்கள்.] மதகு ஓரத்திலேயே அரசாங்க வீடு, மனைவி மீனாச்சி, கையில் சிவப்புக் கார்டு. சுதந்திரம் வந்தபோது குடியுரிமைக்கு எழுதிப் போடுங்கள் என்று எல்லோரும் தலைபாடாக அடித்துக்கொண்டார்கள். "இந்த ஊரு தண்ணியவே நான்தான் தொறந்து மூடுறேன், எனக்கு எதுக்குய்யா பேப்பர்?" என்று சிரித்துவிட்டு இருந்துவிட்டார். அவரைப் போல அன்றைக்குச் சிரித்தவர்கள் நிறையப் பேர்.

அந்தத் தாளை மருமகள் தயார் பண்ணுகிறாள் என்று தெரிந்ததும் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. கிளேபாங்கிலிருந்து செமாபோக் வரை சைக்கிளில் போய்ச் சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டு வந்தார்.

"கடலுக்கே டைம் போட்டுக் குடுக்குது எங்க பாப்பா!"

4

இப்போது அவள் செய்த காரியத்துக்கு வருகிறேன். இதை எழுதுவதை மூன்று நாளாகத் தள்ளிப் போட்டேன். எனக்கு அவளைப் பிடித்துப்போயிருந்தது.

அவள் நிரலைச் சுழி போட்டுத்தான் சோதித்தாள். மாதம் மாதமாக இடையிடையே எண்களை அச்சிட்டுப் பார்த்தாள். எல்லாம் சரி. பிறகு அச்சு வரிகளை எடுத்துவிட்டு, வருடம் முழுவதற்கும் கடைசியாக ஒருமுறை ஓட்ட வேண்டும். அன்றைக்கு மறுநாள் தீபாவளி. மெதுவாக ஓட்டினால் அவள் முறை சாயங்காலத்தைத் தாண்டிப் போகும், மலாக்கா பஸ் போய்விடும். வேக அட்டையில் இரண்டைப் போட்டாள். சீக்கிரம் முடிந்தது. சனவரிப் பக்கத்தை மட்டும் சோதனைத் தாளோடு ஒத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. கட்டி வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

செய்தது அவ்வளவுதான். பஸ்ஸில் உட்கார்ந்து அம்மா சுட்டு வைத்திருக்கும் பலகாரத்தை நினைத்துக்கொண்டே வந்தாள்.

[இயந்திரத்துக்குள் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது, உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மாதமும் நிலா எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்பதை ஓர் எண்ணாகக் கணக்கில் வைத்திருந்தாள். அந்த எண் இருக்கும் இடத்துக்கு நிரலில் இரண்டு பெயர். ஒரு பகுதியில் ஒரு பெயர், இன்னொரு பகுதியில் வேறு பெயர். இடம் ஒன்றுதான். வீட்டில் பாப்பா, பள்ளிக்கூடத்தில் பாக்கியலட்சுமி என்கிற மாதிரி. மாதம் பிறந்ததும் அந்த எண்ணை இரண்டாம் பெயரால் மாற்றினாள். வேகப்படுத்தும் கம்பைலர் முதல் பெயரை மட்டும் பார்த்தது. 'இதை யாரும் மாற்றவில்லையே, மாதாமாதம் எதற்குப் போய் எடுத்து வர வேண்டும்?' என்று ஒரே தடவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வருடம் பூராவும் அதையே போட்டது. சனவரி சரி. பிப்ரவரியில் மதகு மூட வேண்டிய நேரம் ஒரு மணிக்கு மேல் பிந்திப்போனது. அச்சு வரி இருந்தால் மட்டும் கம்பைலருக்குச் சந்தேகம், ஒவ்வொரு தடவையும் போய்ப் புதிதாக எடுத்து வரும். என் அலுவலகத்தில் நான் பட்டினி கிடந்ததும் இதே கூத்துக்குத்தான்.

ஒரே இடத்துக்கு இப்படி இரண்டு பெயர் வைக்காதே என்று கையேட்டில் போட்டிருந்தது. அவள் படித்திருந்தாள். ஆகவே கம்பைலரைத் திட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ள அவளுக்கு வழியில்லை. எனக்கும் இல்லை.]

5

சீனப் பெருநாள் பிப்ரவரியில், அமாவாசையில் வந்தது. அமாவாசைக் கடல் எப்போதும் உயரமாக ஏறும். தாள் சொன்ன நேரம் வரை மதகு திறந்தே கிடந்தது. பொழுது சாயும்போது உப்புத் தண்ணீர் வாய்க்காலில் ஏறி, பின்னால் இருந்த கீரைத் தோட்டங்களுக்குள் போய்விட்டது. தோட்டக்காரர்கள் பெருநாள் விருந்தில் இருந்தார்கள். மறுநாள் வந்து பார்த்தபோது பாத்திகள் அத்தனையும் கருகிச் சாய்ந்து கிடந்தன. இலாகாவுக்குப் புகார் போனது.

பெருநாள் விடுமுறைக்குப் பாப்பா காஜா பெராங் வந்திருந்தாள். மாமா சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தபோது வீட்டில் ருக்மணியும், அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரும், அடுத்த தெருவிலிருந்து பெருநாள் கேக் கொண்டுவந்திருந்த, தலைமுறைகளாக மலாய் மட்டுமே பேசும் மலாக்கா செட்டி வீட்டு அம்மாளும் இருந்தார்கள்.

"என்னடா இது, ஊரெல்லாம் ஒரே பேச்சா இருக்கு?" என்றாள் ருக்மணி.

மாமா முக்காலியில் உட்கார்ந்தார். தலையைத் தடவிக்கொண்டார். பாப்பாவைப் பார்த்தார், பார்வையை எடுத்துக்கொண்டார்.

பாப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அட்டவணை அவளுடையது. அது கெட்ட பெயர் வாங்கினால் அவளுக்கும் சேர்த்துத்தானே?

"ஒரு பேப்பரப் பாத்து ஒரு கதவத் தொறந்து மூட முடியாதா மாமா? நான் அங்க ராப்பகலா கணக்குப் போட்டுக் குடுத்தேன். என்ன பண்ணுனீங்க, தூங்கிட்டீங்களா? இல்ல பெருநாள்னு கள்ளுக்கடைப் பக்கம் போயிட்டீங்களா?"

செட்டி அம்மாள், அவருக்குத் தமிழ் வராது, ஆனால் குரல் புரியாதா? "காசியான்" என்றார் மெதுவாக. பாவம் என்று அர்த்தம்.

மாமா நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. தேடிக்கொண்டிருந்த சாமானை யாரோ எடுத்துக் கையில் கொடுத்தால் வருமே, அந்த மாதிரி.

"ஆமா பாப்பா. அசந்துட்டேன்" என்றார். "பேப்பர்ல எல்லாம் கரெக்டாத்தான் இருந்துச்சு. நான்தான் தூங்கிட்டேன்."

கவனித்தீர்களா? அந்தப் பொய்யை அவர் கொண்டுவரவில்லை. அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். அத்தனை பேர் முன்னால்.

6

முதல் வரைவில் மீனாச்சி அத்தை இல்லை.

இருந்தாள், வெட்டிவிட்டேன். நீளமா இழுத்துராதீங்க என்று ஜெயபாலன் சொல்லியிருந்தாரே! கதைக்கு என்ன வேலை செய்கிறாள் இவள், ஒரே ஒரு இடத்தில் வந்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறாள் என்று தூக்கிவிட்டேன். கதை வேகமாக ஓடியது. ஜெயபாலனுக்கு அனுப்ப இருந்தேன். கடைசியாக ஒருமுறை படித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. அத்தை இல்லாவிட்டால் பாப்பாவுக்கு உண்மை தெரிய வழியே இல்லை. மாமா தூங்கியவராகவே இருந்துவிடுகிறார். பாப்பா யோக்கியமானவளாகவே பஸ் ஏறிவிடுகிறாள். கதை முழுக்கப் பொய்யாகிவிட்டது, ஆனால் ஒரு வாக்கியம்கூடத் தப்பாகத் தெரியவில்லை.

எனக்கே கூச்சமாகப் போய்விட்டது. அத்தையைக் கூட்டி வந்து அவள் இடத்தில் நிறுத்தினேன். அவள் இடம் மலாக்கா பஸ் நிலையம்.

பாப்பா கோலாலம்பூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். அத்தை கிளேபாங்கிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள், செருப்பெல்லாம் செம்மண்.

"பாப்பா, நான் வந்தேன்னு மாமாகிட்டச் சொல்லிராத" என்றாள் மூச்சு வாங்க. "அவரு தூங்கல பாப்பா."

"என்னத்த சொல்றீங்க?"

"முழிச்சுக்கிட்டு மதகு மேலதான் நின்னாரு. தண்ணி ஏறுது, மூடுங்க மூடுங்கன்னு நான் வாசல்ல இருந்து கத்துறேன். பேப்பர விரிச்சுப் பாக்குறாரு. 'இன்னும் நேரம் இருக்கு மீனாச்சி. இது பாப்பா மிஷின் போட்ட கணக்கு, நமக்கென்னா தெரியும்'ங்கறாரு. தண்ணி உள்ள பாயறதப் பாத்த பிறகுதான் ஓடிப்போயி மூடுனாரு. மூட வருமா அப்ப? கையெல்லாம் தோலுரிஞ்சு போச்சு."

"அந்த பேப்பர் எங்க அத்தை?"

"அடுப்புல போட்டுட்டாரு."

[அலுவலகத்தில் இன்னொரு பிரதி இருக்குமே என்பீர்கள். இருந்தது. தப்புச் செய்தவன் தானே ஒப்புக்கொண்ட பிறகு பிரதியை எவன் எடுத்துப் பார்ப்பான்?]

"எனக்கு ஏன் சொல்றீங்க இத?" என்று கேட்டாள் பாப்பா. கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அசிங்கமான கேள்வி என்று தெரிந்தது அவளுக்கு.

அத்தைக்குக் கண் நிறைந்துவிட்டது. "வேற யாருகிட்டச் சொல்லுவேன்? வேலைய விட்டு நிறுத்திட்டா அவருக்குப் பெர்மிட் இல்லையே. எங்க ரெண்டு பேரையும் கப்பல் ஏத்திருவாங்கல்ல? அங்க எங்களுக்கு யாரு இருக்கா பாப்பா?"

7

கோலாலம்பூரில் அவள் முதலில் நிரலை நம்பினாள், அத்தையை நம்பவில்லை. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பழைய சோதனைக் கட்டை ஓட்டினாள். பிப்ரவரி சரியாக வந்தது. பார்த்தாயா, அத்தை ஏதோ புருஷனுக்காகச் சொல்கிறாள் என்று ஒரு நிமிடம் நெஞ்சு லேசானது. அச்சு வரிகளை எடுத்துவிட்டு ஓட்டினாள். அப்போதும் சரி. அப்புறம்தான் தீபாவளிக்கு முந்தின நாள் நினைவுக்கு வந்தது. வேக அட்டை. இரண்டைப் போட்டாள்.

பிப்ரவரி பூராவும் தப்பு.

எங்கே தப்புகிறது என்று பார்க்க அச்சு வரியைத் திரும்பச் செருகினாள். சரியாகிவிட்டது. எடுத்தாள். தப்பு. செருகினாள். சரி. அந்தக் குளிர் அறையில் அவளுக்கு வேர்த்தது. பக்கத்தில் இருந்தவர்கள் என்ன என்று கேட்டபோது ஒன்றுமில்லை என்றாள். கடைசியில், கம்பைலர் மாற்றிக் கொடுத்த இயந்திர வரிகளையே அச்சிட்டு எடுத்து, விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனாள். நிலாவின் எண்ணை எடுத்து வரும் வரி, மாதங்களின் சுழற்சிக்கு வெளியே, ஒரே ஒரு முறை. அதைப் பார்த்ததும் கையேட்டில் தான் படித்த எச்சரிக்கை அவளுக்கு அப்படியே கண்முன் வந்தது.

மாமாவைக் கள்ளுக்கடைக்குப் போனாயா என்று கேட்ட வாய். அதை எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

இந்த இடத்தில் ஒரு வாக்கியம் வருகிறது. நாலு தடவை அடித்து நாலு தடவை எழுதிவிட்டேன். அது இது:

அவளுக்கு முதலில் வந்த நினைப்பு, மாமாதான் ஏற்கெனவே ஒத்துக்கொண்டாரே என்பது.

நிம்மதி. ஒரு நொடிதான். ஆனால் வந்தது, அதுதான் முதலில் வந்தது, வெட்கம் பிறகுதான் வந்தது. பாக்கியலட்சுமி கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். தன்மேல் தனக்கே அப்படியொரு அருவருப்பு. ஒரு பஸ்ஸுக்காக அவசரப்பட்டதுகூட அவளை அவ்வளவு அறுக்கவில்லை, இந்த நிம்மதிதான் போட்டு அறுத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளேபாங் போனாள். மாமா மதகின் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. பாப்பா எல்லாவற்றையும் சொன்னாள். பாதியில் அழுதுவிட்டாள்.

"சரி சரி, அழாத" என்றார் மாமா. "எனக்கு அன்னைக்கே தெரியும், பேப்பர்ல ஏதோ எசகேடுன்னு."

"அப்பறம் ஏன் மாமா தூங்கிட்டேன்னு சொன்னீங்க?"

"நீதான சொன்ன?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். "இங்க பாரு. எனக்கு எப்படியும் சிகப்பு ஐசி. இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு ஒரு சூசா, ஒரு தொல்ல வரத்தான் போவுது. ஒனக்கு நீலம். நம்ம தெருவுலருந்து ஒரே ஒரு பொண்ணு அந்த மிஷின்கிட்டப் போயி உக்காந்திருக்கு. நீ வாயத் தொறந்தா அடுத்த பொண்ணுக்கும் சேத்து கதவ மூடிருவாங்க. பேசாம இரு."

"நான் பேசாம இருந்தா நீங்க கப்பல்ல போகணும் மாமா."

"கப்பல்லதான வந்தேன்?" என்றார். திரும்பிக்கொண்டு சங்கிலிக்கு எண்ணெய் விட்டார். ஏற்கெனவே எண்ணெய் விட்ட இடத்திலேயே விட்டுக்கொண்டிருந்தார்.

8

முடிவுகளுக்கு வருவோம்.

முடிவு அ: பாப்பா அதிகாரியிடம் போய் உண்மையைச் சொல்கிறாள். அதிகாரி தங்கமான மனிதர். "மிஷின் பண்ணிய தப்புக்கு நீ என்னம்மா செய்வாய்?" என்கிறார். மாமாவுக்கு வேலை நிலைக்கிறது, குடியுரிமையும் கிடைக்கிறது. இதை ஒரே மூச்சில் எழுதிவிட்டு, கோப்பி கலக்கிக் குடித்தேன், அவ்வளவு நன்றாக இருந்தது மனசுக்கு. மறுநாள் படித்தால் சகிக்கவில்லை. எனக்குப் பிடித்த பெண்ணை நானே குளிப்பாட்டிப் பொட்டு வைத்து விட்டிருக்கிறேன். கிழித்துப் போட்டேன்.

முடிவு ஆ: அவள் வாய் திறக்கவில்லை. துறைமுகம். மாமாவும் அத்தையும் தகரப் பெட்டியோடு ஏணியில் ஏறுகிறார்கள். கப்பல் ஊதியதும் பாப்பா—

வேண்டாம். கப்பல் ஊதினால் நீங்கள் அழுவீர்கள், அழுதுவிட்டால் பாப்பாவை மன்னித்துவிடுவீர்கள். எனக்கு அந்தக் குறுக்கு வழி வேண்டாம்.

முடிவு இ ஜெயபாலனுடையது. போனில் சொன்னார்:

"மாமா மதகுலருந்து குதிச்சு, வெள்ளத்துல போன ஒரு புள்ளயக் காப்பாத்துறாரு சார். அரசாங்கமே கூப்பிட்டு நீல ஐசி குடுக்குது. கொடி ஏத்துறதோட முடிச்சிரலாம்."

"போன வைங்க ஜெயபாலன்."

வைக்கவில்லை. குரலை இறக்கிச் சொன்னார், "அந்தப் பொண்ணு சொல்லிருவான்னுதான் சார் நான் நெனச்சேன். எங்கப்பாவும் சிகப்புக் கார்டுதான்." போனை நான் வைத்துவிட்டேன்.

9

விசாரணை அன்றைக்கு நடந்ததை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

இலாகா அலுவலகத்தில் ஒரு மேசை. அதன் பின்னால் ஓர் அதிகாரி, வேற்றூர்க்காரர், இங்கிலீஷில் எழுதுகிறவர். முன்னால் மாமா, வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய் வைத்து வழித்து வாரியிருந்தார். அத்தை வெளியே விசுப்பலகையில். பாப்பா அவர்களுக்குத் துணையாகத்தான் வந்திருந்தாள். இன்னும் அவள் எதையும் முடிவு செய்திருக்கவில்லை. நான் அவளுக்காக முடிவு செய்து வைக்கவும் இல்லை.

வாக்குமூலம் சொல்கிறவனின் தாய்மொழியில் வாங்கி இங்கிலீஷில் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. தமிழிலிருந்து மொழிபெயர்த்துச் சொல்லும் அலுவலகக் கிராணி அன்றைக்கு லீவு. அதிகாரி எட்டிப் பார்த்தார். படித்த பெண் ஒருத்தி வெளியே நிற்கிறாள்.

"உனக்கு இங்கிலீஷ் தெரியுமா? வா, வந்து உட்கார். இவர் சொல்வதை எனக்குச் சொல்" என்றார்.

மாமாவுக்கு முகம் கறுத்துப் போயிற்று. "வேணாம் துரை, வேற யாரையாச்சும்" என்று அரைகுறை மலாயில் சொல்லிப் பார்த்தார். அதிகாரி கையை அசைத்து அவரை உட்காரச் சொன்னார். பாப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அன்றைக்குச் சாயங்காலம் என்ன நடந்தது என்று கேள்."

கேட்டாள். மாமாவின் முகத்தைப் பார்த்துக் கேட்க முடியவில்லை, அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக் கேட்டாள்.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். அவளைப் பார்த்தே சொன்னார்:

"பேப்பர்ல சரியாத்தான் போட்டிருந்துச்சு. நான் தூங்கிட்டேன். அவ்வளவுதான்."

அதிகாரி பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். அவள் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்கிறார்?"

பாப்பா வாயைத் திறந்தாள். உண்மையைச் சொல்லிவிட்டால் அவள் வேலை போகலாம், மாமா இங்கேயே இருப்பார். சொன்னதைச் சொன்னபடி மாற்றிக் கொடுத்தால் மாமா கப்பலில் போவார், அவளை யாரும் குறை சொல்ல முடியாது. அந்த நிம்மதி இன்னும் அவளுக்குள் இருக்கிறதா என்று நான் தேடிப் பார்த்தேன். இருக்கிறது. அதனால்தான் அவள் பதிலை நான் எழுதிக் கொடுக்க மாட்டேன் என்கிறேன். நல்லபடியாக எழுதினால் அவளுக்கு இல்லாத யோக்கியதையைக் கொடுத்தவன் ஆவேன். கெட்டபடியாக எழுதினால், நாமெல்லாம் அவளைவிட மேல் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்.

இன்னும் ஒரே ஒரு வாக்கியம்தான் பாக்கி. நாற்காலியில் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். பேனா காத்துக்கொண்டிருக்கிறது, சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்: நீங்கள் எந்த வாக்கியத்தைச் சொன்னாலும் மாமாவுக்குத் தெரிந்துவிடும். அந்த அளவுக்கு அவருக்கு இங்கிலீஷ் புரியும்.